பிழைத்ததெல்லாம் இனவிருத்திக்கு ஆகாது

என் முயல் பண்ணையில் நோய் புகுந்து பாதிக்கு மேல் போன பிறகு, பார்க்க வந்த எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான். "போனது போகட்டும், மிஞ்சுனதை வச்சு ஆரம்பிங்க. இவ்வளவு பெரிய நோயில தப்பிச்சிருக்குன்னா அதுக்கு எதிர்ப்புசக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?" கோழி வளர்ப்பவர் சொன்னார், ஆடு வளர்ப்பவர் சொன்னார், முயலைத் தொட்டே பார்க்காத என் மாமாவும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நஷ்டத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைவிட ஆறுதலான பேச்சும் கிடையாது. செத்ததெல்லாம் நோஞ்சான், இருப்பதெல்லாம் கெட்டி, இனி வரும் தலைமுறை முன்னைவிட நன்றாக இருக்கும் என்று ஆகிவிடுகிறதே. ஆனால் எனக்கு அந்தப் பேச்சு மனதில் ஒட்டவே இல்லை. ஏன் ஒட்டவில்லை என்று யோசித்து யோசித்துத்தான், மறுபடி பண்ணையை எப்படிக் கட்டுவது என்பதற்கே ஒரு வழி கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலையில். காப்பி, மிளகு, இடையிடையே வாழை. மிளகுக் கொடி ஏற்றுவதற்கு நட்ட முள்முருங்கை தோட்டம் முழுக்க நிற்கிறது, முயல் அந்த இலையை விரும்பித் தின்னும், புழுக்கை திரும்ப மிளகுக்கே எருவாகப் போகும். முயலுக்கு ஏற்ற குளிர்ச்சியும் உண்டு. மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலிருந்து சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்ற முயல் இனங்கள் இந்த மலையெங்கும் பரவியிருக்கின்றன. என்னுடைய முதல் முயல்களும் அந்த வழியில் வந்தவைதான். கறிக்கு மட்டும் வளர்ப்பவனாக ஆரம்பித்து, எது எத்தனை குட்டி போட்டது, பன்னிரண்டு வாரத்தில் குட்டி என்ன எடை, எந்தத் தாய் பாலை மறுத்தது என்று எழுதி வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்கிறவனாக மாறினேன். பதிவேடு வந்துவிட்டால் அது வேறு தொழில். ஒவ்வொரு கூண்டுக்குப் பின்னாலும் ஒரு வம்சம் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் இழப்பும் வேறு மாதிரி வலிக்கிறது. ஒரு முயல் செத்தால் ஒரு முயல் போனதாக இல்லை, அதன் தாயும் பாட்டியுமாகச் சேர்த்து வைத்த உழைப்பு போகிறது.

வந்தது ஒரே நோய் அல்ல

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தபோது முதலில் போனவை தாயிடமிருந்து பிரித்த குட்டிகள். வயிறு உப்பி, முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும். முயல் அப்படிப் பல் கடித்தால் வலி தாங்கவில்லை என்று பொருள். அப்புறம் கழிச்சல், அப்புறம் முடிந்தது. கால்நடை மருத்துவர் வந்து செத்த குட்டி ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரலில் வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள், குடல் சுவர் தடித்துக் கிடந்தது. காக்சிடியா என்ற ஒட்டுண்ணி என்றார், நம் ஊரில் ரத்தக் கழிச்சல் என்கிறோமே, அதைக் கொண்டுவருவது.

அது அடங்குகிற மாதிரி இருந்த நேரத்தில் பெரிய முயல்கள் தும்ம ஆரம்பித்தன. சில ஒரு வாரம் மூக்கொழுகிக் கிடந்து செத்தன. சில ராத்திரி தீவனம் தின்றுவிட்டுக் காலையில் விறைத்துக் கிடந்தன. ஒன்று கழுத்தை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தது. இது பாஸ்சுரெல்லா, பாக்டீரியா. காக்சிடியாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒன்று குட்டியைக் கொல்வது, புழுக்கை வழியாக வருவது. மற்றது பெரியதைப் பிடிப்பது, மூக்கிலிருந்து மூக்குக்குப் போவது, இனச்சேர்க்கையிலும் தாயிடமிருந்து குட்டிக்கும் போவது. மழை, ஈரம், மூத்திர வாடை மூன்றும் இரண்டுக்குமே கதவைத் திறந்துவிட்டன.

இரண்டாவது நோய், வம்சத்தில் புது ரத்தம் சேர்ப்பதற்காகச் சமவெளியிலிருந்து வாங்கி வந்த ஒரு ஆண் முயலோடு வந்தது என்றுதான் நினைக்கிறேன். அதைத் தனிக் கொட்டகையில் ஒரு மாதத்துக்கும் மேல் வைத்திருந்து, ஒரு தும்மல் கூட இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தோம். பாஸ்சுரெல்லாவின் கொடுமையே அதுதான். மூக்கின் உள்ளே ஆழத்தில் கிருமியைச் சுமந்துகொண்டு முயல் மாதக்கணக்கில் பளபளவென்று இருக்கும். குளிரோ, பயணமோ, குட்டி போட்ட களைப்போ வந்து உடம்பு தளர்கிற நாளில் வெளியே வரும். விற்றவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முயல் உலகத்தில் பெரிய நோய்கள் பல இப்படித்தான், நல்ல இனம் வேண்டும் என்று வாங்கி வந்த முயலோடு சேர்ந்து வந்திருக்கின்றன. முயலின் ரத்தக்கசிவு நோய் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு, முதன்முதலில் 1984-ல் சீனாவில் ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன அங்கோரா முயல்களில்தான் அது தெரியவந்தது.

தப்பித்தது எதனால்?

"பிழைத்தது பலமானது" என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முயலிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காட்டு முயல் பெருகிப் புல்வெளியை அழித்தபோது 1950-ல் மிக்சோமா என்ற வைரஸை வேண்டுமென்றே பரப்பினார்கள். கொசு அதைத் தூக்கிக்கொண்டு நாடெங்கும் போனது. ஆரம்பத்தில் நோய் பிடித்த முயலில் நூற்றுக்கு ஒன்று கூடத் தப்பவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் காட்சி மாறியது. ஃபிராங்க் ஃபென்னர் என்ற அறிவியலாளரும் அவருடன் இருந்தவர்களும், அந்தக் காட்டு முயல்களின் குட்டிகளைப் பிடித்து ஒரே ரகக் கிருமியைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு நூற்றுக்கு 90 செத்த இடத்தில், ஏழு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 25தான் செத்தன. கிருமியும் வீரியம் குறைந்தது, முயலுக்கும் தாங்கும் சக்தி கூடியது. ஆக, பிழைத்தவற்றின் பிள்ளைகள் பலமாக வருவது உண்மையாகவே நடந்திருக்கிறது.

ஆனால் அது கோடிக்கணக்கான முயல்களில் நடந்தது. ஆண்டுக்கு ஆண்டு, யார் கையும் படாமல், செத்தவை செத்துத் தப்பியவை பெருகி, மறுபடி செத்து மறுபடி பெருகி வந்த பலம் அது. என்னுடைய ஒரு கொட்டகையில், நூற்றுச் சொச்சம் முயலில், ஒரே ஒரு மழைக்காலத்தில் தப்பித்தவற்றைப் பார்த்து அதே முடிவுக்கு வர முடியுமா? ரத்தத்தால் தப்பித்ததா, இருந்த இடத்தால் தப்பித்ததா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து, ஒரு பெரிய தாளில் கொட்டகையைப் படமாக வரைந்தேன். எந்த வரிசை, எந்தக் கூண்டு, எந்தப் பக்கம் சாரல் அடிக்கும், எங்கே கூரை ஒழுகும், தண்ணீர்க் குழாய் எங்கே கசியும் எல்லாம் போட்டு, பதிவேட்டைப் பார்த்துச் செத்தவற்றைக் கறுப்பிலும் நோய்ப்பட்டுத் தேறியவற்றைச் சிவப்பிலும் குறித்துக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது வம்சம் ஒன்றும் தெரியவில்லை, இடம்தான் தெரிந்தது. குட்டிகள் செத்த கூண்டுகள் எல்லாம் மேற்குப் பக்கம், சாரல் அடிக்கும் வரிசையில் நெருக்கமாக இருந்தன. பெரியவை செத்த கூண்டுகள், அந்த ஆண் முயல் இருந்த வரிசையையும், அதனோடு சேர்த்த பெண் முயல்கள் இருந்த கூண்டுகளையும் சுற்றிச் சுற்றி இருந்தன. கிழக்கு மூலையில் காய்ந்த இடத்தில் இருந்தவை, எந்த வம்சமாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் தப்பித்திருந்தன. ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை இரண்டில், மேற்கே இருந்தது போய்விட்டது, கிழக்கே இருந்தது வேலிமசாலை மென்றுகொண்டிருந்தது.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு "மிஞ்சியது எல்லாம் கெட்டி" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. காய்ந்த மூலையில் இருந்ததற்குக் காய்ந்த மூலை கிடைத்தது, அவ்வளவுதான். அது நல்ல முயலாகவும் இருக்கலாம், சுமாரான முயலாகவும் இருக்கலாம். இந்த நோய் அதை ஒன்றும் சோதிக்கவில்லை. சிவப்பில் குறித்தவைதான் உண்மையில் நோயோடு மல்லுக்கட்டித் தேறியவை. எல்லோரும் சொன்ன கணக்குப்படி தங்கம் அவைதான். எனக்கு அவற்றைப் பார்க்கத்தான் அதிக பயமாக இருந்தது.

மேகம்

சிவப்பில் ஒன்று மேகம். சாம்பல் நிறச் சோவியத் சின்சில்லா, என் மகள் வைத்த பெயர். இந்தப் பண்ணையில் அதற்கு மேல் ஒரு தாய் இருந்ததில்லை. ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டிக்குக் குறைவில்லை, எதையும் மிதிக்காது, பஞ்சு மாதிரி முடியைப் பிடுங்கிப் பெட்டியை நிரப்பிவிடும், பன்னிரண்டு வாரத்தில் குட்டிகள் இரண்டு கிலோவைத் தாண்டும். பதிவேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதன் எண் வரும். அந்த ஆண் முயலோடு சேர்த்திருந்தோம், தும்மல் வந்தது, பத்துப் பதினைந்து நாள் மூக்கொழுகிக் கிடந்தது, அப்புறம் தானாகவே தேறிவிட்டது. தீவனம் தின்றது, எடை போட்டது, ரோமம் மின்னியது. ஆண் முயலிடம் விட்டால் உடனே சினை பிடிக்கும் என்று தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

முயலுக்குச் சளி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூக்கைப் பார்த்தால் போதாது, ஏனென்றால் அது மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும். முன்னங்காலைப் பார்க்க வேண்டும். பிடரியைப் பிடித்து, பின்பக்கத்தைக் கையில் தாங்கி எடுத்து, மடியில் மல்லாத்திப் போட்டு, முன்னங்கால் இரண்டையும் விரித்து உள்பக்கத்தைப் பார்த்தால் போதும். நல்ல முயலுக்கு அங்கே ரோமம் தனித்தனியாக, மெத்தென்று இருக்கும். சளி உள்ளதற்குச் சுண்டுவிரல் அகலத்துக்கு ரோமம் ஒட்டி, காய்ந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி மொடமொடவென்று இருக்கும். மேகத்தை அப்படிப் போட்டுப் பார்த்தேன். வலது கால் சுத்தம். இடது காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் லேசாகத் திரிந்திருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும் அளவுக்குத்தான். மறுநாளும் பார்த்தேன், இருந்தது.

மருத்துவரிடம் கேட்டேன். "சார், ஊசி போட்டுப் பார்க்கலாமா?"

"போடலாம்ப்பா. தும்மல் நிக்கும், கால் காயும், நீயும் சரியாப் போச்சுன்னு நினைப்ப. ஆனா கிருமி மூக்குக்குள்ளயே இருக்கும். அடுத்து அது குட்டி போட்டுக் களைச்சு உக்காரும்போது குட்டிங்களுக்குக் குடுக்கும்."

அதே நேரத்தில் மேகத்தின் கடைசி ஈற்றுக் குட்டிகள், நோய்க்குச் சற்று முன்பு பிறந்தவை, தனிக் கொட்டகையில் வளர்ந்துகொண்டிருந்தன. பிரிக்கும்போது குண்டு குண்டாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. ஏழாவது வாரத்தில் ஒன்று தும்மியது. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு. வேறு எந்த முயலும் அந்தப் பக்கம் போகவில்லை. தாயிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முடிவு எடுக்க வேண்டிய இடம் அதுதான். "இது ஒண்ணையாவது விட்டுரலாமேங்க" என்று மனைவி சொன்னாள், அவள்தான் தினமும் அதற்கு இலை போடுகிறவள். தனியாக வீட்டுப் பக்கம் ஒரு கூண்டில் வைத்துக்கொள்ளலாம், குட்டி எடுக்க வேண்டாம் என்பது அவள் எண்ணம். அவள் சொன்னதில் பாசம் இருந்தது, எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் மேகத்துக்கு இலை போட்ட கைதான் அடுத்துக் குட்டிகளுக்கும் இலை போடும், அதே ஆள், அதே உடுப்பு, அதே வாளி. நோயைச் சுமக்கும் ஒரு முயலை வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுத்தமான ஒரு மந்தையைக் கட்ட முடியாது. மருத்துவரே வந்து, வலியில்லாமல் உயிரைப் போக்கும் ஊசி போட்டார். அதையும் தும்மிய குட்டிகளையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சிவப்பில் குறித்திருந்த மற்றவற்றையும் அந்த வாரத்திலேயே முடித்தோம். அன்று மகள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு அந்தத் தாளைக் காட்டி விளக்கிச் சொல்ல எனக்குச் சில நாள் ஆனது.

அதன் பிறகு யாராவது "பிழைச்சதை வச்சு ஆரம்பி" என்று சொன்னால் எனக்கு மேகத்தின் இடது கால்தான் ஞாபகம் வருகிறது. நோயிலிருந்து மீண்டது என்பதும் நோயற்றது என்பதும் ஒன்றல்ல. பாஸ்சுரெல்லா மாதிரி நோயில் மீண்டதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அதைத்தான் நாம் நம்பிக் குட்டி எடுப்போம்.

கதவைத் திறப்பதா, மூடுவதா

சரி, மிஞ்சியது கறுப்பும் சிவப்பும் இல்லாத சில முயல்கள். கைவிரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது இன்னொரு சிக்கல். வெளியிலிருந்து வாங்கினால் மறுபடி நோய் வரும் என்ற பயம். வாங்காமல் இருப்பவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தால் ரத்த உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வம்சம் நலியும்.

இந்தச் சிக்கலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததைப் பல தடவை படித்திருக்கிறேன். கொலம்பியா ஆற்றுப் படுகையில் வாழும் குட்டை முயல், உள்ளங்கையில் அடங்கும், அரைக் கிலோ கூடத் தேறாது. காடாக இருந்த புதர்வெளியை விவசாயம் விழுங்கிவிட, 2001-ல் தொடங்கி மொத்தம் 16 முயல்களைப் பிடித்துக் கூண்டில் வளர்க்க ஆரம்பித்தார்கள். ஓரிகன் உயிரியல் பூங்காவும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் அதில் இருந்தன. பணம், படித்தவர்கள், ஆய்வகம் எல்லாம் இருந்தும் முயல் பெருகவில்லை. ஏற்கெனவே நெருங்கிய ரத்தம், சினை சரியாகப் பிடிக்கவில்லை, பிறந்த குட்டி தங்கவில்லை. போதாததற்குக் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு தொற்றும் காக்சிடியாவும் வந்து அடித்தன. வேறு வழியில்லாமல் ஐடஹோவிலிருந்து அதே வகை முயலைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்புக் குட்டிகள் தேறின. சுத்த ரத்தத்தில் கடைசி ஆண் 2006-லும் கடைசிப் பெண் 2008-லும் இறந்தன. பிறகு 2011 முதல் இன்னும் பல மாநிலங்களிலிருந்து முயல் சேர்த்து, கூண்டை விட்டு, புதர்வெளியிலேயே பெரிய வேலி போட்டு வளர்த்தார்கள். நன்றாகப் பெருகின. அப்புறம் ஒரே மண்ணில் வருடக்கணக்கில் இருந்ததால் வேலிக்குள் காக்சிடியா சேர்ந்துவிட்டது. அதனால் இடம் மாற்றக்கூடிய சின்ன வேலிகளுக்கு மாறினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, கதவை முழுக்க மூடியும் வைக்கவில்லை, முழுக்கத் திறந்தும் விடவில்லை என்பது. அளந்து திறந்தார்கள்.

நம் பண்ணைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பத்துப் பெண்ணுக்கு ஒரு ஆண் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், தீவனச் செலவைப் பார்த்தால் போதும்தான். ஆனால் வம்சத்தில் உண்மையில் எத்தனை முயல் அளவுக்கு ரத்தம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வாய்பாடு இருக்கிறது: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு ஆணும் பத்துப் பெண்ணும் என்றால் 40-ஐ 11-ஆல் வகுக்க, 3.6 வருகிறது. பதினொரு முயல் வைத்திருக்கிறோம், ஆனால் ரத்தத்தில் நான்கு முயல் கூட இல்லை. அதே பத்துப் பெண்ணுக்கு நான்கு ஆண் வைத்தால் 160-ஐ 14-ஆல் வகுத்து 11-க்கு மேல் வருகிறது. கூடுதலாக மூன்று ஆண் முயலுக்குப் போடும் தீவனம், அடிக்கடி வெளியிலிருந்து புதிய ரத்தம் வாங்க வேண்டிய அவசியத்தையே குறைக்கிறது. வாங்குவது குறைந்தால் நோய் நுழையும் வாசலும் குறைகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், ஆண் முயல்களை அதிகம் வைப்பது வீண் செலவு என்ற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதை விட்டேன்.

அதனால் மிஞ்சியவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்தோம். பெண் குட்டி தாயின் குடும்பத்திலேயே இருக்கும். ஆண் குட்டி அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஒன்றின் ஆண் இரண்டுக்கு, இரண்டின் ஆண் மூன்றுக்கு, மூன்றின் ஆண் ஒன்றுக்கு. அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டியின் ரத்த நெருக்கம் 25 சதவீதம், ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5. இப்படிச் சுற்றினால் அந்த இரண்டுமே வராது. காதில் பச்சை குத்தும் எண்ணோடு குடும்பத்தின் எழுத்தும் சேர்த்துவிட்டோம், இருட்டில் பிடித்தாலும் எது எந்தக் குடும்பம் என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

கொட்டகை விஷயத்தை நீட்டாமல் சொல்கிறேன். பாஸ்சுரெல்லா வெளியே ரொம்ப நாள் தாங்காது, கொட்டகையைக் கழுவிக் காலியாகப் போட்டு வெயில் காட்டினால் போய்விடும். காக்சிடியாவின் முட்டை அப்படி இல்லை, பினாயில் அதை ஒன்றும் செய்யாது, ஈரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குத் தீதான் மருந்து. கம்பிவலை ஒவ்வொன்றையும் கழற்றி, ஃபிளேம் கன் வைத்துச் சுட்டோம். மரப்பெட்டிகளை எல்லாம் கொளுத்திவிட்டுப் புதிதாகச் செய்தோம். மேற்குப் பக்கம் கூரையை நீட்டிச் சாரலை நிறுத்தினோம். அப்புறம் தினமும் புழுக்கை எடுப்பது. இது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் ஏன் தினமும் என்று தெரிந்தால் செய்யாமல் இருக்க மாட்டோம். புழுக்கையோடு விழும் காக்சிடியா முட்டை விழுந்த உடனே நோய் தராது, ஈரமும் காற்றும் பட்டு இரண்டு மூன்று நாள் பழுத்த பிறகுதான் தரும். முயல் தன் மென்புழுக்கையை, அதாவது மெத்தென்று தனியாக வரும் புழுக்கையை, வெளியே வரும்போதே வாய் வைத்துத் தின்கிறது, அதனால் நோய் வருவதில்லை, காரணம் அந்த முட்டை அப்போது பழுக்கவில்லை. கீழே கிடந்து பழுத்த பிறகு, இலையில் ஒட்டி வாய்க்குப் போனால்தான் ஆபத்து. அந்த இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

குட்டிப் பெட்டியையும் இப்போது தாயின் கூண்டோடு விடுவதில்லை. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் மூன்று நான்கு நிமிடம்தான். விடிகாலையில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் உடனே உள்ளே குதித்து நிற்கும். அடியில் கண் திறக்காத குட்டிகள் மல்லாந்து கிடந்து முட்டி மோதும். தாய் வெளியே தாவியதும் பெட்டியை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு குட்டியின் வயிறும் உருண்டு, மெல்லிய தோல் வழியாக வெள்ளையாகப் பால் தெரியும். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தாயோடு கழிக்கும் நேரம் குறைவதால், அதனிடம் ஏதாவது மறைந்திருந்தாலும் குட்டிக்குப் போக வாய்ப்பு குறைவு.

முயல் வேகமாகப் பெருகும் என்பார்கள். எண்ணிக்கை வேகமாகத்தான் ஏறும். 31 நாளில் குட்டி, ஐந்து வாரத்தில் பிரித்துவிடலாம், ஆறு மாதத்தில் அந்தப் பெண் குட்டியே சினைக்குத் தயார். ஆனால் வம்சத்தைக் கட்டுவது அந்த வேகத்தில் நடக்காது. ஒரு பெண் முயல் நல்ல தாயா என்று தெரிய அது இரண்டு மூன்று ஈற்றாவது போட வேண்டும், அதன் குட்டிகள் ஒரு மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். எடையை மட்டும் பார்த்துத்தான் இங்கே எல்லோரும் இனவிருத்தி முயல் வாங்குகிறார்கள். "எத்தனை கிலோ வரும்?" என்பதுதான் முதல் கேள்வி, பல நேரம் அது ஒன்றுதான் கேள்வி. அதன் தாய் எத்தனை மழைக்காலம் பார்த்தது, அதன் அக்கா தங்கைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, புழுக்கைப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நம்மிடமும் பதிவு இருப்பதில்லை. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். நூறு இருநூறு கிராம் கூடுதல் எடைக்காக அலைகிறோம், ஒரே ஒரு தும்மலில் அந்த எடை அத்தனையும் குழிக்குள் போகிறது. என் பதிவேட்டில் இப்போது எடைக்கு முன்னால் முன்னங்காலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வாரம் ஒரு முறை பார்த்துக் குறிக்கிறோம். அந்தக் கட்டத்தில் ஒரு குறி விழுந்தாலும், எவ்வளவு எடை போட்டிருந்தாலும், அந்த முயலிடமிருந்து குட்டி எடுப்பதில்லை.

புதிய ரத்தம் ஒரு நாள் வேண்டித்தான் இருக்கும். அதற்காக இந்த மலையில் எங்களையும் சேர்த்து மூன்று பண்ணைகள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். எங்களுக்குள் மட்டும் ஆண் குட்டிகளை மாற்றிக்கொள்வது, சந்தையிலிருந்தோ தெரியாத இடத்திலிருந்தோ யாரும் எதையும் உள்ளே கொண்டுவருவதில்லை. மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் புழுக்கையைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். வரும் முயலைத் தனியே வைப்பதோடு நிறுத்தாமல், கறிக்குப் போகவிருக்கும் இரண்டு குட்டிகளை அதன் பக்கத்துக் கூண்டில் சேர்த்து வைத்துக் கவனிக்க வேண்டும். வந்த முயல் பார்வைக்கு நன்றாக இருந்து கிருமியைச் சுமந்துகொண்டிருந்தால், அந்தக் குட்டிகள் தும்மிக் காட்டிக்கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். கூக்கால் பக்கம் முயல் வைத்திருக்கும் ஒரு அண்ணனும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அவருடைய கொட்டகையில் போன மழைக்கு யார் எங்கே செத்தது என்று முதலில் ஒரு தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.